நாற்பது கிலோமீட்டருக்கு இவ்வளவு பாட்டா

அக்கா, கொஞ்சம் சன்னல் பக்கமாய்த் தள்ளி உட்காருங்க. பிள்ளை தூக்கத்தில் காலை நீட்டுவாள். கொலுசு இழுத்து உங்க சேலையில் நூல் வந்துவிட்டால் அப்புறம் என்னைத் திட்டுவீங்க. திருவேங்கடம்தானே போறீங்க? நானும் அங்கேதான். சங்கரன்கோவிலில் இந்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். சரி, அது கிடக்கு.

ஒன்று கேட்கிறேன். சீனாக்காரர்கள் எழுதின பாட்டு எதுவும் படிச்சிருக்கீங்களா? இல்லையா? நல்லது. படிச்சிராதீங்க. அந்தப் பாட்டால்தான் நான் இன்றைக்கு இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பையுமாய் அலைகிறேன்.

சிரிக்கிறீங்க. கேளுங்க முதலில்.

எங்க ஊர் நூலகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை எனக்கு. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். புத்தகத்தைக் கண்டால் பயமெல்லாம் கிடையாது, அதில் படிகிற தூசிதான் ஆகாது. லைப்ரரியன் பேர் பூதப்பாண்டி சார். நல்ல மனுசர். ஆனால் ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் சளி பிடித்த மாதிரி, ஒரு மாசத்துக்கு விடாது. போன வருஷம் யோகா. இந்த வருஷம் நெல்லைப் புத்தகக் காட்சிக்குப் போனவர் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். சீனாவில் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் சிநேகிதனை ஊர் அனுப்பும்போது பாடின பாட்டாம், எல்லாம் தமிழில். அட்டையில் ஒரு ஆறு, ஒரு படகு, கரையில் ஒரு மரம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கும்.

சாயங்காலமானால் மூன்று பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பூதப்பாண்டி சார் ஒன்று. மருந்துக்கடை ரத்தினவேல் அண்ணாச்சி ஒன்று. மூன்றாவது ஆள் தாலுகா ஆபீஸ் கிளார்க் சிதம்பரநாதன். இந்த சிதம்பரநாதன் சம்சாரம்தான் ஆவுடை. என் பக்கத்து வீடு. எனக்கும் அவளுக்கும் ஒரே கொடிக்கயிறு, என் வீட்டு ஆணியிலிருந்து அவள் வீட்டு ஆணி வரைக்கும். அந்தப் பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அவர்கள் வாசிப்பார்கள், நான் பெருக்குவேன். காது சும்மா இருக்குமா? எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான் அக்கா. ஒருத்தர் படகில் ஏறுவார், இன்னொருத்தர் கரையில் நிற்பார். இல்லையென்றால் ஒருத்தர் குதிரையில் ஏறுவார், இன்னொருத்தர் மேட்டில் நிற்பார். மழை தூறும். வாத்து கத்தும். ரெண்டு பேரும் குடிப்பார்கள். அப்புறம் அழுகை. அத்தனை பேரும் அரசாங்க உத்தியோகஸ்தர்களாம்! ராஜாகிட்ட வாயைக் கொடுத்து எல்லைப் பக்கத்துக்கு மாற்றல் வாங்கின ஆட்கள். அங்கே போனால் குளிராம், மணல்காடாம், பேசுகிற பாஷை புரியாதாம், திரும்பி வர வருஷக் கணக்காகுமாம், வராமலே போனாலும் போனதாம். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்ததும் பாட்டு. நம்ம தாலுகா ஆபீஸில் ஆர்டர் வந்தால் எம்.எல்.ஏ.யைப் பார்க்க ஓடுவார்கள், அங்கே பாட்டு எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வழியில் வேற மண்டபம் கட்டி வைத்திருப்பார்களாம், வழியனுப்பப் போகிறவர்கள் நிற்கிறதுக்கென்றே. அந்த மண்டபத்தோடு திரும்பிவிட வேண்டியது. ஆனால் திரும்ப மாட்டார்களாம், அடுத்த மண்டபம் வரைக்கும் வருகிறேன் என்று கூடவே நடப்பார்களாம். "அந்த ஆளு ஊர் போய்ச் சேர வேண்டாமா சார்?" என்று கேட்டேன். பூதப்பாண்டி சார் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "பேச்சி, நீ அந்தப் பக்கம் பெருக்கு" என்றார்.

இன்னொரு பாட்டில் சிநேகிதன் போன பிறகு அவன் குடித்த கிண்ணத்தை மூன்று நாள் கழுவாமல் வைத்திருக்கிறான் ஒருத்தன். எறும்பு வராதா அக்கா? வீட்டில் பொம்பளைகள் யாரும் இல்லையா? இருந்திருப்பார்கள். பாட்டில்தான் இல்லை. நான் கேட்ட வரைக்கும் போகிறவர் ஆம்பளை, அனுப்புகிறவர் ஆம்பளை. அந்தப் படகில் ஏற்றின சட்டிபானையை யார் கட்டினது? அவளை வழியனுப்ப யார் வந்தது? ஒரு வரி கிடையாது. சரி, அது கிடக்கு.

இப்படி இருக்கும்போது சிதம்பரநாதனுக்கே மாற்றல் ஆர்டர் வந்தது. எல்லைக்கா? மணல்காட்டுக்கா? இதோ இந்தத் திருவேங்கடத்துக்கு. நாற்பது கிலோமீட்டர். மூன்று பேரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கு. ஐம்பது நிமிஷம். அதற்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கணுமே! ரத்தினவேல் அண்ணாச்சி நாலு நாள் கடையில் மாத்திரை மாற்றிக் கொடுத்தார் என்று பேச்சு. பிரிவு விழா வைக்கிறோம், சீன முறைப்படி வைக்கிறோம் என்று முடிவானது.

விழாவுக்கு முந்தின நாள் சார் என்னைக் கூப்பிட்டு அந்த அட்டைப் படத்தைக் காட்டினார்.

"பேச்சி, இந்த மரத்துல ஒரு கொம்பு வேணும்."

"என்ன மரம் சார் இது?"

"அந்த நாட்டு ஆத்தங்கரை மரம். சிநேகிதன் புறப்படும்போது இதுல ஒரு கொம்பை ஒடிச்சுக் கையில குடுப்பாங்க. வழக்கம்."

"எதுக்கு சார்? போற வழியில மாடு விரட்டவா?"

"இந்தக் கொம்பை எங்க ஊணினாலும் தழைக்கும். அந்த மாதிரி போற ஊர்ல நீயும் வேர் பிடிச்சுத் தழைச்சிருன்னு அர்த்தம். உனக்கு எங்க புரியப் போகுது?"

புரிந்தது அக்கா. அது ஒன்றுதான் புரிந்தது. அதில் மட்டும் அந்த ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள். "அப்ப முருங்கைக் கொம்பு ஒடிச்சிட்டு வாரேன் சார். ஊணினா தழைச்சிரும். ஆறு மாசத்துல காய்க்கும், ஆவுடைக்குச் சாம்பாருக்கும் ஆகும்" என்றேன்.

"முருங்கையா!" என்று ரத்தினவேல் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "கவிதை வாசிக்கிற எடத்துல முருங்கையா? ஏ புள்ள, இலை நீளமா, ஒல்லியா, தொங்கணும். படத்தைப் பாரு."

நீளமாய், ஒல்லியாய் இலை இருக்கிற மரம் எங்க நூலகத்தைச் சுற்றி ஒன்றுதான். காம்பவுண்டு ஓரத்தில் நிற்கிற மஞ்சள் அரளி.

"சார், அது அரளி சார்."

"உருவந்தான் முக்கியம் பேச்சி. மரத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பார்க்கப் போறா?"

சொன்னது அவர். ஒடித்தது நான். வேலைக்காரி என்றால் சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே? ஒடித்த கொம்பு வெறும் இலையாய் இருந்தால் நல்லா இருக்காதே என்று பச்சைக் காய் நாலு தொங்குகிற கொம்பாய்ப் பார்த்து ஒடித்தேன். பார்க்க லட்சணமாய்த்தான் இருந்தது.

விழா நடந்தது. சீனாவில் மது, இங்கே பன்னீர் சோடா. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ரெண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக் குடித்தார்கள். பதினாலு பாட்டு. கடைசியில் சிதம்பரநாதன் தானே எழுதின ஒன்றை ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். 'நண்பர்களே, என்னை இனி எதிர்பார்க்காதீர்கள். மேகம் கரையும் இடத்துக்கு நான் போகிறேன்.' மேகம் கரையும் இடம் எது? திருவேங்கடம்! நீங்க அந்த ஊர்க்காரங்க, நீங்க சொல்லுங்க, அங்கே மேகம் வந்தால்தானே கரையும்?

அந்தக் கொம்பையும் கண்ணீரையும் சுமந்துகொண்டு மனுசர் வீட்டுக்குப் போனார். ஆவுடை வாசலிலேயே கேட்டிருக்கிறாள், "என்னங்க இது, அரளியை வீட்டுக்குள்ள கொண்டு வாரீங்க? காயி வேற நாலு கிடக்கு, பிள்ளை நடமாடுற வீடு." அவர் பதில் சொல்லவில்லை. சீனாக்காரன் சம்சாரத்துக்குப் பதில் சொல்வானா? செம்பில் தண்ணீர் ஊற்றி, கொம்பைச் செருகி, கட்டில் தலைமாட்டில் உசரமாய் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் ஆவுடை துணி ஊறப்போடச் சட்டையை எடுத்திருக்கிறாள். பையில் அந்தக் காகிதம். புருஷன் கையெழுத்து. 'என்னை இனி எதிர்பார்க்காதீர்கள்.' திரும்பிக் கொம்பைப் பார்த்திருக்கிறாள். காய் மூன்றுதான் இருக்கு. குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினால் சத்தம் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம்தான்.

அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே திரண்டது. நானும் கரண்டியோடு ஓடினேன். எதிர்வீட்டு மாமாவும் பால்காரரும் தோளைக் கொடுத்துக் கதவை இடித்தார்கள். கதவு உள்பக்கமாய் விழுந்தது. உள்ளே சிதம்பரநாதன் இடுப்பில் துண்டோடு நிற்கிறார். வாய் நிறைய நுரை.

பல் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. பேஸ்ட்.

நாலாவது காய் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆவுடை தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காகிதத்தை இன்னும் கையில் கசக்கிப் பிடித்திருந்தாள். "யாரு ஒடிச்சுக் குடுத்தா இதை?" என்றாள். அந்த மனுசர் நுரையைத் துப்பிவிட்டு, "பேச்சிதான்" என்றார். பூதப்பாண்டி சார் பேரைச் சொல்லவில்லை. சிநேகிதம்!

அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டென்று நிறுத்த முடியவில்லை.

"நீயாட்டி ஒடிச்சே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

இதற்குப் போய்க் கோபமா என்று நீங்க நினைப்பீங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார். தெருவில் முப்பது பேர் சிரித்தார்கள், என்னிடம் மட்டும் ஏன் கோபம்? நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். இருந்தாள். அதே காய்தான். எங்க தெருவில் அது யாருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள், ஒருநாள் துணி காயப்போடும்போது, கொடிக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தைக் காட்டாமல். ஒடிக்கும்போது எனக்கு அது ஞாபகமே இல்லை அக்கா. சத்தியமாய் இல்லை. சிரிக்கும்போது... சரி, அது கிடக்கு.

மூன்றாம் நாள் லாரி வந்தது. சிநேகிதர்கள் ரெண்டு பேரும் சால்வையோடு வந்துவிட்டார்கள். லாரி முன்னால் நின்று போட்டோ, அப்புறம் ஒரு பாட்டு. பீரோவை ஒரு கை பிடிக்கச் சொன்னால் ரத்தினவேல் அண்ணாச்சிக்கு இடுப்புப் பிடிப்பு. பூதப்பாண்டி சாருக்குக் கண் கலங்கியிருப்பதால் படி தெரியவில்லையாம். நான் போய்க் கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறு பக்கம் ஆவுடை. நேருக்கு நேர் முகம். ரெண்டு பேரும் மூச்சு வாங்குகிறோம், பேச்சு இல்லை. வாசல்படி வந்ததும் அவள் இதோ இந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறாள்: "பொன்மதி, உங்க அம்மாவைக் கல்லுக்கு அடியில விரலைக் குடுக்காம நடக்கச் சொல்லு."

நானும் விடுவேனா? "பொன்மதி, அத்தைகிட்டச் சொல்லு, எனக்குத் தெரியும்னு." ரெண்டரை வயசுப் பிள்ளை, என்ன செய்யும்? ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

இவள் நாலு மாசக் குழந்தையாய் இருக்கும்போது எனக்கு டைபாய்டு. பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து நாளும் ஆவுடைதான் தன் மகனுக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு பக்கம் பால் கொடுத்தாள். அதற்கு அவள் பாட்டு எதுவும் எழுதவில்லை.

லாரி புறப்பட்டதும் அந்த ரெண்டு பேரும் நூலக மொட்டைமாடிக்கு ஓடினார்கள், கண்ணுக்கு மறைகிற வரை பார்க்கணுமாம், அதுவும் சீன வழக்கமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாலம் வரைக்கும் லாரி பின்னால் போனேன், அது வேற விஷயம். தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருந்தது, அதைப் பார்க்கத்தான் போனேன். பாலம் தாண்டியும் கொஞ்ச தூரம் தெரிந்தது. கயிறு அவிழவில்லை. வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் பெருக்கப் போகிறேன், வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள்! மேகம் கரைகிற இடத்துக்குப் போனவர் உள்ளே உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்கிறார். பதினாலு பாட்டு பாடி அனுப்பின ஆள் அக்கா! அஞ்சாம் நாள்!

"ஆவுடை எப்படி இருக்கா அண்ணே?" என்றேன்.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

"என்னைக் கேட்டாளா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்?" என்றார். சட்னி இருக்கா என்று ரத்தினவேல் அண்ணாச்சியைக் கேட்டார்.

அவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் ஐம்பது நிமிஷம். எனக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. நூலகத்தில் காலை வேலையை முடிக்கணும். மாட்டுக்குத் தீவனம் வைக்கணும். வீட்டுக்காரருக்குச் சோறு கட்டி வைக்கணும். மாமியார் முகத்தைப் பார்க்கணும், முகம் நல்லா இருந்தால்தான் கேட்க முடியும். அப்புறம் ரெண்டு பஸ். சாயங்காலம் பெருக்குவதற்குள் திரும்பணும். ராஜாகிட்ட உத்தரவு வாங்கி எல்லையிலிருந்து திரும்பி வந்துவிடலாம் போல. இதில் அழுகிறதுக்கு எங்கே நேரம்? எனக்கு நேரமில்லை. அந்தக் கொடிக்கயிற்றைக் கூட இன்னும் அவிழ்க்கவில்லை, அந்தப் பக்கத்து ஆணியில் அது பாட்டுக்குக் கிடக்கு. புதுசாய்க் குடிவந்தவள் கேட்கிறாள், "இது யாரு கயிறு?" என்று. உனக்கென்ன என்றேன்.

இப்போ ஏன் போகிறேன் என்றா கேட்கறீங்க? வேலைதான். அவள் மகனின் தடுப்பூசி அட்டை என் அலமாரியில் மாட்டிக்கொண்டது. அடுத்த ஊசிக்கு அட்டை வேணுமில்லையா? அதை அவர்கிட்டக் கொடுத்துவிடலாமே என்பீங்க. பஜ்ஜி எண்ணெய் படுகிற கையில் கொடுக்கவா? இட்லித் தட்டு ஒன்றும் இருக்கு பையில், அதுவும் அவளுடையது. அது முதல் தடவை கொண்டு வந்தது.

ஆமாம், முதல் தடவை. இது மூன்றாவது தடவை அக்கா. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, இறங்கினால் நீங்க யாரோ நான் யாரோ. முதல் தடவை திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பிள்ளைக்கு உடம்பு சுடுகிற மாதிரி இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சுடவில்லை, வெயில்தான். ரெண்டாவது தடவை போன செவ்வாய்க்கிழமை. விசாரித்து அவள் தெரு முக்கு வரைக்கும் போய்விட்டேன். வேப்பமரத்தடியில் நின்றால் அவள் வாசல் தெரிகிறது. பச்சைச் சேலை காய்கிறது, அது நானும் அவளும் சேர்ந்து எடுத்த சேலை. கதவு பாதி திறந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, வந்துவிட்டேன். நிஜமாகவே நேரமாயிற்று.

இன்னும் எவ்வளவு தூரம்? அடுத்ததுதானா?

அக்கா, உங்க போனைக் கொஞ்சம் தாங்களேன். என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்கிறதில்லை. நம்பர் எனக்கு மனப்பாடம், நானே அழுத்துகிறேன். இந்தாங்க, அடிக்குது, நீங்களே பேசுங்க. என் பேரைச் சொல்லிராதீங்க. தடுப்பூசி அட்டை ஒண்ணு வந்திருக்கு, வீட்டில் இருக்கீங்களா, வந்து கொடுக்கலாமா, அவ்வளவுதான். நர்ஸ் மாதிரி அதட்டலாய்க் கேளுங்க.

எடுத்துட்டாளா? குரல் எப்படி இருக்கு? சளி பிடிச்ச மாதிரி இருக்கா? அவளுக்குத் தண்ணி மாறினால் ஒத்துக்காது. கேளுங்க, வீட்டில் இருக்காளான்னு கேளுங்க. அட்டையைச் சொல்லுங்க முதலில்.

என்ன? என்ன சொல்றா?

'பக்கத்துல ஒருத்தி தொணதொணன்னு பேசுற சத்தம் கேக்குதே, அவகிட்டக் குடுங்க'ன்னா?

வேண்டாம். நான் இல்லைன்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க. வேற என்ன சொல்றா? அப்படியே சொல்லுங்க.

'போன செவ்வாக்கிழமை வேப்பமரத்தடியில நின்னுட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன்'னா?

'கதவுக்குப் பின்னால நானுந்தான் நின்னேன்'னா?

கொடுங்க இப்படி.

ஆவுடை. நான்தான்டி. ம்... பஸ்ஸுலதான். பொன்மதி தூங்கறா. அட்டை கிடக்கட்டும்டி. கேளு. எனக்குத் தெரியும்டி. உங்க அக்கா விஷயம், சிரிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்துட்டு. ஞாபகம் வந்த பிறகும் சிரிச்சேன். எல்லாரும் பார்க்காங்கன்னு சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

'ஆமா, கூடாதுதான்'னு சொல்றா அக்கா. அவ்வளவுதான். பரவாயில்லைன்னு ஒரு வார்த்தை சொல்றாளா பாருங்க. வேற ஒண்ணும் பேசலை. ஆனால் வைக்கலை. மூச்சு கேட்குது.

உங்க போனைத் தந்துடறேன், இறங்கும்போது தந்துடறேன். நீங்க கொஞ்ச நேரம் பேசாமல் இருங்க அக்கா.